நிக்காஹுக்கு முன்பே ‘ஜோடே கி ரகம்’ கேட்கிறார்கள்: படத்தில் வருவதுபோல் 498ஏ-வைக் காட்டி மிரட்டலாமா?

கேள்வி: எனக்கு வயது 27. தஞ்சாவூர் பக்கம் சொந்த ஊர். அத்தாவின் (அப்பாவின்) வேலைக்காக வந்து ஹைதராபாத்திலேயே தங்கிவிட்ட குடும்பம். இரண்டு மாதத்துக்கு முன்பு இங்குள்ள ஒரு குடும்பத்தில் எனக்கு நிச்சயம் ஆனது. அன்று மாப்பிள்ளைக்கு இரண்டு சவரன் செயினும் வாட்ச்சும் போட்டோம். மண்டப அட்வான்ஸ் என்று அவர்கள் கேட்டதால் 2 லட்சம் ரூபாயை மாப்பிள்ளையின் அண்ணன் கணக்குக்கு அத்தா அனுப்பினார். இப்போது ‘ஜோடே கி ரகம்’ (பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குத் தரும் பணம்) 15 லட்சமும் ஒரு காரும் வேண்டும் என்று மாப்பிள்ளையின் மாமா வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறார். மாப்பிள்ளையோ, “பெரியவர்கள் முடிவு, நான் என்ன செய்ய” என்கிறார். இந்த நிக்காஹ் எனக்கு வேண்டாம்.

என் தம்பி டிவியில் ‘தாவத்-எ-இஷ்க்’ படம் பார்த்துவிட்டு, “அதில் வருவதுபோல் எல்லாவற்றையும் ரெக்கார்டு செய்து, 498ஏ (கணவன் வீட்டார் கொடுமைக்கான சட்டப் பிரிவு) போடுவோம் என்று மிரட்டி, நம் பணத்தோடு இன்னொரு 10 லட்சமும் வாங்கிவிடலாம்” என்கிறான். படத்தின் விமர்சனங்களைத் தேடிப் படித்தேன். சட்டத்தைக் கேலிக்கூத்தாக்கிவிட்டார்கள் என்று சிலர் திட்டுகிறார்கள், பெண்ணுக்குத் தைரியம் கொடுக்கும் படம் என்று சிலர் சொல்கிறார்கள். ரெக்கார்டிங் செல்லுமா? தம்பி சொல்வதில் ஏதாவது இருக்கிறதா? வரும் ஞாயிறு இரு வீட்டாரும் உட்கார்ந்து பேசுவதாக ஏற்பாடு.

பதில்: தம்பி சொல்வதில் ரெக்கார்டிங்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 498ஏ-வையும் 10 லட்சத்தையும் விட்டுவிடுங்கள். முதலாவது உங்களுக்குப் பொருந்தாது. இரண்டாவது உங்கள் குடும்பத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடும்.

படத்தைப் பார்க்காத வாசகர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹபீப் ஃபைசல் இயக்கி, யஷ் ராஜ் நிறுவனம் 2014 செப்டம்பரில் வெளியிட்ட இந்திப் படம். ஹைதராபாத்தில் செருப்புக் கடையில் வேலை பார்க்கும் பெண்ணாக பரிணீதி சோப்ரா, அவரது அப்பாவாக அனுபம் கேர். வருகிற வரன் எல்லாம் வரதட்சிணை கேட்டு நிற்க, நொந்துபோன பெண் அப்பாவையும் கூட்டிக்கொண்டு பொய்ப் பெயரில் லக்னோ போகிறாள். அங்கே கபாப் கடை நடத்தும் ஆதித்ய ராய் கபூர் வீட்டாரை வரதட்சிணை பேச வைத்து, அதை ரகசிய கேமராவில் பிடித்து, 498ஏ-வைக் காட்டிப் பணம் பறிப்பது திட்டம். இடையில் காதல் வந்துவிடுகிறது, மனசாட்சியும் வந்துவிடுகிறது.

விமர்சகர்கள் இந்தப் படத்தைக் கலவையாகத்தான் வரவேற்றார்கள். ஹைதராபாத் பிரியாணியும் லக்னோ கபாபும் திரையில் வரும் அழகையும், பரிணீதி, அனுபம் கேர் நடிப்பையும் பலர் பாராட்டினார்கள். இரண்டாம் பாதி இழுக்கிறது, முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது என்று குறையும் சொன்னார்கள். கடுமையான எதிர்ப்பு நீங்கள் படித்த விஷயத்துக்குத்தான்: வரதட்சிணையை எதிர்க்கக் கிளம்பிய கதை, பெண்கள் 498ஏ-வை வைத்து மோசடி செய்கிறார்கள் என்ற பேச்சுக்குத் தீனி போட்டுவிட்டது என்பது. படம் வந்த நேரமும் அப்படி. அதற்கு இரண்டு மாதம் முன்பு, 2014 ஜூலை 2 அன்றுதான் உச்ச நீதிமன்றம் அர்னேஷ் குமார் வழக்கில், 498ஏ புகார் வந்தவுடன் இயந்திரம்போல் கைது செய்யக் கூடாது என்று போலீசுக்கு உத்தரவு போட்டிருந்தது. கேடயமாக இருக்க வேண்டிய பிரிவு சிலர் கையில் ஆயுதமாகிவிட்டது என்ற வருத்தமும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

விமர்சகர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு வக்கீலாகப் படத்தைப் பார்த்தபோது என்னை உறுத்தியது வேறு. அந்த அப்பாவுக்குப் படத்தில் வேலையே ஹைகோர்ட்டில் கிளார்க்! ஃபைல் ஃபைலாகப் பார்க்கும் மனிதருக்கு, கல்யாணத்துக்கு முன்பு வரதட்சிணை கேட்டால் எந்தச் சட்டத்தில் புகார் கொடுப்பது என்று தெரியாமலா போகும்? தெரிந்திருந்தால் லக்னோவுக்கு டிக்கெட்டே எடுத்திருக்க வேண்டாம். தன்னை அவமானப்படுத்திய ஹைதராபாத் வரன்கள் மீதே புகார் கொடுத்திருக்கலாம். கதை அங்கேயே முடிந்திருக்கும், கபாபும் கிடைத்திருக்காது என்பது வேறு விஷயம்.

498ஏ என்பது கணவனோ கணவனின் உறவினரோ மனைவிக்குச் செய்யும் கொடுமைக்கான பிரிவு. 1983-ல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்த்தார்கள். 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86 பிரிவுகள் இருக்கின்றன. தண்டனை அதே 3 ஆண்டு வரை. உங்களுக்கு இன்னும் நிக்காஹ் ஆகவில்லை. அவர் உங்கள் கணவர் இல்லை, அவருடைய மாமா கணவனின் உறவினரும் இல்லை. எனவே இந்தப் பிரிவு உங்கள் விஷயத்தில் நுழையவே முடியாது. எதிர்த்தரப்பு ஒரு வக்கீலிடம் போனால் ஐந்து நிமிடத்தில் இதைச் சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு உங்கள் மிரட்டல் உங்களுக்கு எதிரான ஆதாரமாக மட்டும்தான் மிஞ்சும்.

உங்களுக்குப் பொருந்துவது 1961-ம் ஆண்டின் வரதட்சிணைத் தடைச் சட்டம், 4-வது பிரிவு. நேரடியாகவோ மறைமுகமாகவோ வரதட்சிணை கேட்டாலே குற்றம். கொடுத்திருக்க வேண்டியதில்லை, கல்யாணம் நடந்திருக்க வேண்டியதும் இல்லை. தண்டனை 6 மாதத்துக்குக் குறையாமல் 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். “கல்யாணமே ஆகவில்லையே, இது எப்படி வரதட்சிணை?” என்ற வாதம் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றிருக்கிறது. அதுவும் உங்கள் வட்டாரத்து வழக்கு: கோபால் ரெட்டி எதிர் ஆந்திரப் பிரதேச அரசு, 1996. பேசி முடித்த கல்யாணம் நின்றுபோன அந்த வழக்கில், திருமணத்துக்கு முன்பு கேட்பதும் 4-வது பிரிவில் வரும் என்று நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அதே தீர்ப்பில், மேல்முறையீடு செய்தவர் கேட்டார் என்பதற்குச் சாட்சியம் போதவில்லை என்று அவரை விடுதலையும் செய்தது. இரண்டாவது பாதியை மறந்துவிடாதீர்கள். யார் கேட்டார், என்ன சொல்லிக் கேட்டார் என்பதில்தான் இந்த வழக்குகள் நிற்கும், விழும். உங்களிடம் மாமாவின் குரல் இருக்கிறது, அண்ணன் கணக்குக்குப் பணம் போன பதிவு இருக்கிறது. மாப்பிள்ளை மீது இப்போதைக்கு வலுவாக ஒன்றும் இல்லை. கோபத்தில் வீட்டில் உள்ள எல்லாருடைய பெயரையும் எழுதினால் மாமா மீதான நல்ல புகாரும் சேர்ந்து பலவீனமாகும்.

“எங்கள் வழக்கத்தில் மஹர் இருக்கிறது, இது அதுபோலத்தான்” என்று அவர்கள் சொல்லக்கூடும். மஹருக்குச் சட்டத்தின் 2-வது பிரிவே விலக்கு தருகிறது. ஆனால் மஹர் மாப்பிள்ளை பெண்ணுக்குத் தருவது. ஜோடே கி ரகம் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குத் தருவது. நம் ஊரில் கைக்கூலி என்பார்களே, அதேதான். எந்தப் பெயரில் கேட்டாலும் அது வரதட்சிணை.

அத்தா அனுப்பிய 2 லட்சத்துக்கு வருவோம். வரதட்சிணை கொடுப்பதும் 3-வது பிரிவில் குற்றம், 5 ஆண்டுக்குக் குறையாத சிறை என்று படித்துப் பயந்திருப்பீர்கள். 7-வது பிரிவின் 3-வது உட்பிரிவைப் பாருங்கள்: பாதிக்கப்பட்டவர் சொல்லும் வாக்குமூலத்தை வைத்து அவர் மீதே இந்தச் சட்டத்தில் வழக்குப் போட முடியாது. பெண்ணின் பெற்றோருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு என்று நீதிமன்றங்கள் பார்த்திருக்கின்றன. எனவே பணம் கொடுத்ததை மறைக்காதீர்கள். எந்தத் தேதியில், யார் கேட்டு, என்ன காரணம் சொல்லிக் கொடுத்தீர்கள் என்று புகாரில் அப்படியே எழுதுங்கள்.

தம்பியின் 10 லட்சம்தான் ஆபத்தானது. புகார் கொடுக்காமல் இருக்கப் பணம் கேட்பது மிரட்டிப் பணம் பறித்தல் என்ற குற்றத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். நியாய சன்ஹிதாவின் 308-வது பிரிவு. பழைய சட்டத்தில் 3 ஆண்டு வரை இருந்த தண்டனை இப்போது 7 ஆண்டு வரை. அவர்கள் நிஜமாகவே கேட்டார்களே, நடந்த குற்றத்துக்குப் புகார் கொடுப்பேன் என்பது மிரட்டலா என்று வாதாடலாம்தான். அந்த வாதத்தை உங்கள் தம்பி ஜாமீனுக்கு அலைந்துகொண்டே செய்ய வேண்டியிருக்கும். படத்தில் அப்பாவும் மகளும் இதோடு நிற்கவில்லை. பொய்ப் பெயரில் ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றியதற்கு இன்றைய 319-வது பிரிவில் 5 ஆண்டு வரை தனியாக உண்டு. திரையில் மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடுகிறது. கோர்ட்டில் அது தண்டனையைக் குறைக்கச் சொல்லும் காரணமாக மட்டும்தான் உதவும்.

இன்னொன்றும் இருக்கிறது. வரதட்சிணைத் தடைச் சட்டக் குற்றங்களில் சமரசம் செய்துகொண்டு புகாரை நீங்களாக வாபஸ் வாங்க முடியாது, 8-வது பிரிவு அதைத் தடுக்கிறது. முடித்துக்கொள்ள விரும்பினால் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். ஆக, “பணம் கொடுத்தால் கேஸை எடுத்துவிடுகிறோம்” என்று விற்பதற்கு உங்களிடம் சரக்கே இல்லை.

உங்கள் சொந்தப் பணத்தையும் செயினையும் திருப்பிக் கேட்பது முற்றிலும் வேறு. அது உங்கள் உரிமை. வக்கீல் நோட்டீஸ் மூலம் 2 லட்சம், செயின், வாட்ச் என்று பட்டியல் போட்டு, நாள் குறித்துக் கேளுங்கள். ரசீது, போட்டோ, வங்கிப் பதிவின் நகல் இணையுங்கள். தராவிட்டால் சிவில் வழக்கு. அந்த நோட்டீஸில் கிரிமினல் புகாரைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம். இரண்டையும் ஒரே தாளில் எழுதினால், பணத்துக்காகத்தான் புகார் என்று அவர்கள் வக்கீல் குறுக்கு விசாரணையில் பிடித்துக்கொள்வார்.

ரெக்கார்டிங் செல்லும். உங்கள் அத்தா தானே பேசிய அழைப்பைத் தானே பதிவு செய்திருந்தால் அதுவும் சாட்சியமாக ஏற்கக்கூடியதுதான். அதைப் பாதுகாப்பதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். ஒரிஜினல் போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். வாய்ஸ் மெசேஜ் வந்த அதே வாட்ஸ்அப் உரையாடல் முழுதும் அப்படியே இருக்கட்டும், நீங்கள் கோபத்தில் அனுப்பிய பதில்கள் உட்பட. ஆடியோவை வெட்டி ஒட்டாதீர்கள். பென் டிரைவில் நகல் கொடுப்பதாக இருந்தால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63-வது பிரிவின்படி சான்றிதழ் கூடவே வேண்டும். பழைய சட்டத்தில் 65பி என்பார்கள். போனையே தாக்கல் செய்யாத நிலையில் இந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லிவிட்டது. உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு நாறடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அவதூறு வழக்கு ஒன்று கூடுதலாக வந்து சேரும்.

புகாரை உங்கள் பகுதி போலீஸ் ஸ்டேஷனிலோ மகளிர் போலீஸ் ஸ்டேஷனிலோ கொடுக்கலாம். நீங்களே கொடுக்கலாம், அத்தாவும் கொடுக்கலாம், சட்டம் இருவரையும் அனுமதிக்கிறது. வழிகாட்டுதல் வேண்டுமென்றால் 181 பெண்கள் உதவி எண் இருக்கிறது. புகார் கொடுத்த அன்றே மாமாவைத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். இந்தச் சட்டத்தில் மாஜிஸ்திரேட் உத்தரவோ வாரண்டோ இல்லாமல் கைது கிடையாது. அர்னேஷ் குமார் தீர்ப்பும் 498ஏ-வோடு 4-வது பிரிவையும் சேர்த்தே பேசுகிறது. முதலில் நோட்டீஸ் கொடுத்துக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். காலக்கெடு தாண்டிவிடுமோ என்ற பயமும் வேண்டாம். சாதாரணக் குற்றங்களுக்கான காலவரம்பு இந்தச் சட்டத்துக்குப் பொருந்தாது என்று 7-வது பிரிவு சொல்கிறது. அதற்காக ஆறு மாதம் கழித்துப் போகாதீர்கள், இவ்வளவு நாள் ஏன் சும்மா இருந்தீர்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுவார்த்தைக்குப் போவதென்றால் போங்கள். அதற்கு முன்பு வக்கீலைப் பார்த்து நோட்டீஸை அனுப்பிவிட்டுப் போனால் இன்னும் நல்லது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான பெரியவர் ஒருவரையாவது கூட்டிப் போங்கள், பின்னால் சாட்சி சொல்லத் தயங்காதவராகப் பாருங்கள். அத்தா சுருக்கமாகப் பேசட்டும்: நிக்காஹ் வேண்டாம், கொடுத்ததைத் திருப்பிக் கொடுங்கள். 15 லட்சத்தில் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறோம் என்று அவர்கள் பேரம் பேச ஆரம்பித்தால் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பதிலுக்கு நீங்கள் எந்த எண்ணும் சொல்லாதீர்கள். “கேஸ் கீஸ் போட மாட்டீங்களே?” என்று கேட்டால், “அதை வக்கீல்கிட்ட கேட்டுக்கங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். தம்பியைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம்.