லேப்பா, கோல்டனா?

கேள்வி: இரண்டாவது மாடி அபார்ட்மென்ட். கணவன், மனைவி இருவருக்கும் வேலை. மகனுக்கு நாலு வயது. லேப்ரடார், கோல்டன் ரிட்ரீவர், எது அடக்கமாக இருக்கும்? (வாசகி, கோவை)

முதல் இரண்டு மூன்று வருடத்துக்கு இரண்டும் அடக்கமாக இருக்காது. சுட்டு விழுந்த பறவையைத் தண்ணீரில் பாய்ந்து எடுத்துவர வளர்த்த இனங்கள் இவை. காலையும் மாலையும் சேர்த்து ஒரு மணி நேரமாவது ஓடவிடவில்லை என்றால் அந்தத் தெம்பையெல்லாம் உங்கள் சோஃபா பஞ்சில் காட்டும். குணத்தில் வித்தியாசம் உண்டு. லேப் முரட்டுப் பாசக்காரன். 30 கிலோ உடம்போடு ஓடிவந்து உங்கள் மகனைச் சாய்த்துவிட்டு முகத்தை நக்கும். சாப்பாட்டைக் காட்டினால் எதையும் கற்றுக்கொள்ளும், சீக்கிரம் குண்டாகவும் ஆகும். கோல்டன் கொஞ்சம் மென்மை. அதட்டினால் முகம் வாடிவிடும், ஆள் இல்லாத வீட்டில் ஏங்கிப்போகும். முடி இரண்டுக்குமே கொட்டும். லேபுக்குக் குட்டை முடி என்று நம்பி கறுப்பு பேண்ட் போடாதீர்கள்.

பகலில் மாமியார் இருப்பார் என்றால் வாங்கலாம். அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். யாரும் இல்லையென்றால் இப்போது வேண்டாம்.

கேள்வி: தோட்டத்து வீட்டுக்குக் காவல் வேண்டும். லேப்ரடார் போதுமா? (வாசகர், தேனி)

எடுத்துவந்து கொடுப்பதுதான் அதன் தொழில். திருடன் கையில் பிஸ்கட் இருந்தால் சாவியையும் எடுத்துவந்து கொடுக்கும்.

கேள்வி: சாதா லேப் குட்டி 12,000, எலும்பு பருத்த ‘டபுள் போன்’ 20,000, பேப்பர் (வம்சாவளிச் சான்றிதழ்) வேண்டுமானால் தனியாக 5,000 என்கிறார்கள். வாட்ஸ்அப்பில் படம் பார்த்தேன், அழகாக இருக்கிறது. முன்பணம் அனுப்பலாமா? (வாசகர், சேலம்)

இந்த ‘டபுள் போன்’ காதில் விழுந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எந்த நாய்க்கும் எலும்பு ஒரு செட்தான். நானும் இப்படி ஏமாந்தவன்தான். ‘ஹெவி போன் கோல்டன்’ என்று 9,000 கொடுத்து ஒரு குட்டி வாங்கினேன். ஆறாவது மாதம் இரண்டு காதும் ஆன்டெனா மாதிரி நிமிர்ந்து நின்றன. கோல்டனுக்குக் காது தொங்கத்தான் செய்யும். விற்றவரைக் கேட்டால், ‘சார், அது இம்போர்ட் லைன்’ என்றார். பதினோரு வருடம் எங்களோடு இருந்தான் அந்த டைகர். நாய் நல்ல நாய், சொன்னதுதான் பொய்.

பணம் அனுப்புமுன் நேரில் போங்கள். தாயைக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதன் குணம்தான் குட்டிக்கும் வரும். தாய் ஊரில் இருக்கிறது என்றால் நீங்களும் ஊருக்குத் திரும்பிவிடுங்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-லேயே மத்திய அரசு விதி போட்டாயிற்று. முப்பது நாள் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தால், எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்று கூடப்பிறந்ததுகளோடு விளையாடிக் கற்பதற்குள் உங்கள் வீட்டுக்கு வந்துவிடும். அப்புறம் உங்கள் கைதான் பாடப்புத்தகம். பேப்பரைத் தனி விலைக்குப் பேசுகிறவரிடம், அதிலுள்ள மைக்ரோசிப் (தோலுக்கடியில் பதிக்கும் அடையாளச் சில்லு) எண்ணைக் குட்டியின் மேல் ரீடர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பெற்றோரின் இடுப்பு எக்ஸ்ரேயையும் கேளுங்கள், இந்த இரண்டு இனத்துக்கும் இடுப்பு மூட்டுக் கோளாறு அதிகம். படம் பார்த்துப் பணம் அனுப்பிவிட்டு அடுத்த மாதம் எனக்கு எழுதாதீர்கள்.

கேள்வி: வாங்கிவந்த மறுநாளே கோல்டன் குட்டி வாந்தி, ரத்தப்போக்கு. டாக்டர் பார்வோ (குடலைத் தாக்கும் வைரஸ் நோய்) என்றார். நாலாம் நாள் இறந்துவிட்டது. விற்றவர் போனை எடுப்பதில்லை. மகள் சாப்பிடவே மாட்டேன் என்கிறாள். (வாசகி, திருச்சி)

உங்கள் மேல் தவறில்லை, இதை மகளுக்கும் சொல்லுங்கள். பார்வோ தொற்றி அறிகுறி தெரியவே மூன்று நாலு நாளாவது ஆகும். குட்டி நோயோடுதான் உங்களிடம் வந்திருக்கிறது. டாக்டர் சீட்டு, பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு, எதையும் அழிக்காதீர்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடம் அவகாசம் உண்டு. குட்டியின் விலையோடு மருத்துவச் செலவையும் சேர்த்துக் கேளுங்கள். அந்தக் கிருமி வீட்டில் மாதக்கணக்கில் கிடக்கும். தரையை பிளீச்சிங் கரைசலால் கழுவுங்கள், தடுப்பூசி முடியாத வேறு குட்டியை இப்போது கொண்டுவர வேண்டாம்.

கேள்வி: கோடை வருகிறது. கோல்டனுக்கு மொட்டை அடிக்கலாமா? (வாசகர், வேலூர்)

கூடாது. வெயிலை மறைப்பதே அந்த முடிதான். பழனிக்கு வேண்டுதல் இருந்தால் நீங்கள் அடித்துக்கொள்ளுங்கள்.