வருகிற ஒண்ணாம் தேதியிலிருந்து...

கேள்வி: அக்கா, எனக்கு 41 வயது. திண்டுக்கல் பக்கம். உயரம் 157 செ.மீ., எடை 78 கிலோ. இரண்டாவது பிரசவத்தில் ஏறிய எடை இறங்கவே இல்லை. ஜிம்மில் மூன்று மாதத்துக்குப் பணம் கட்டிவிட்டுப் பன்னிரண்டு நாள் போனேன். தெரிந்தவர் சொன்னாரென்று ஒரு பவுடர் வாங்கி ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பதில் குடித்தேன், ஒரு மாதத்தில் ஐந்து கிலோ குறைந்தது, விட்டதும் ஏழு கிலோ ஏறிவிட்டது. 'வருகிற ஒண்ணாம் தேதியிலிருந்து' என்று சொல்லியே வருஷம் ஓடுகிறது. காலை ஐந்தரைக்கு எழுந்து மூன்று டிபன் பாக்ஸ் கட்டி, ஒன்பது மணிக்கு வேலைக்குப் போய், ராத்திரி எல்லோரும் சாப்பிட்ட பிறகு பத்து மணிக்குத்தான் நான் சாப்பிடுகிறேன். போன மாதம் ரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) 6.1 என்று வந்தது. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. பயமாக இருக்கிறது, ஆனாலும் ஆரம்பிக்க மனசு வரவில்லை. உனக்கு மன உறுதியே கிடையாது என்கிறார் வீட்டுக்காரர். அதை எப்படி வரவழைப்பது?

பதில்: வீட்டுக்காரர் சொன்னதை முதலில் மனசிலிருந்து எடுத்துவிடுங்கள் தங்கச்சி. தினமும் ஐந்தரைக்கு எழுந்து மூன்று டிபன் பாக்ஸ் கட்டுகிறவருக்கு உறுதி கிடையாது என்றால் வேறு யாருக்குத்தான் இருக்கிறது? இருக்கிற உறுதி முழுவதும் பகலெல்லாம் மற்றவர்களுக்கே செலவாகிவிடுகிறது, ராத்திரி பத்து மணிக்கு உங்களுக்கென்று ஒன்றும் மிச்சமில்லை. அந்தப் பத்து மணியில்தான் நாம் கைவைக்க வேண்டும்.

என்னிடம் உணவு ஆலோசனைக்கு வரும் பெண்களிடம், காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பதைவிட, நேற்று ராத்திரி அடுப்படியில் கடைசி அரை மணி நேரம் என்ன நடந்தது என்று சொல்லச் சொல்வேன். ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒரே காட்சிதான். எல்லோருக்கும் தோசை ஊற்றி முடித்தாயிற்று, பாத்திரத்தின் அடியில் இன்னும் ஒரு கரண்டி மாவு, எடுத்துவைத்தால் நாளைக்குப் புளித்துவிடும், சரி என்று அதையும் ஊற்றுகிறோம். சின்னவன் தட்டில் பாதித் தோசை சட்னியில் ஊறிக் கிடக்கிறது, கொட்ட மனசு வராது. அடுப்புமேடையில் சாய்ந்து நின்றபடி ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே இன்னொரு கையால் நாளைக்கு ஊறப்போட வேண்டிய கொண்டைக்கடலை டப்பாவைத் திறக்கிறோம். எத்தனை தோசை உள்ளே போனது என்று கேட்டால் 'ரெண்டு' என்பார்கள், எண்ணிப் பார்த்தால் நாலு இருக்கும். பொய் சொல்வதில்லை, நின்றுகொண்டு சாப்பிட்டது கணக்கிலேயே வராது, அவ்வளவுதான்.

அதனால் உங்களுக்கு நான் சொல்கிற முதல் வேலையில் பட்டினி கிடையாது. ராத்திரி எட்டு மணிக்குள், பிள்ளைகளோடு, உட்கார்ந்து, உங்களுக்கென்று ஒரு தட்டு வைத்துச் சாப்பிடுங்கள். பிறகு வருகிறவர் தோசை ஊற்றிக்கொள்ளட்டும், அது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடுவதில் பாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பசியோடு இரண்டு மணி நேரம் மற்றவர்களுக்குத் தோசை ஊற்றிக்கொண்டு நின்றவர் கடைசியில் அளவாகச் சாப்பிடுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. பிள்ளை மிச்சம் வைத்தால் அடுத்த நாள் அவனுக்கு ஒரு தோசை குறைவாக வையுங்கள். மிச்சத்தைத் தீர்க்கிற பாத்திரமாக உங்கள் வயிறு இருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, முப்பது நிமிஷம். நாள் முழுவதிலும் அந்த முப்பது நிமிஷம் உங்களுடையது. காலையிலோ மாலையிலோ எது சௌகரியமோ அப்போது, கொஞ்சம் வேகமாக, பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற அளவில் நடங்கள். இதற்கு நேரம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். வேறு ஒருவரிடமிருந்துதான் வரும். ஒரு டிபன் பாக்ஸையாவது வீட்டுக்காரர் கட்டட்டும், அல்லது மாலையில் பாத்திரம் கழுவுவதை மூத்த பிள்ளை எடுத்துக்கொள்ளட்டும். இதை ஜாடைமாடையாகச் சொல்லாதீர்கள், யாருக்கும் புரியாது. ரத்தப் பரிசோதனைத் தாளை மேஜைமேல் வைத்து, '6.1 வந்திருக்கிறது, எனக்குத் தினமும் அரை மணி நேரம் வேண்டும், இந்த வேலையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று நேராகவே சொல்லுங்கள். ஜிம்மை நீங்கள் விட்டதற்கும் காரணம் சோம்பல் இல்லை என்றுதான் நினைக்கிறேன். வேலையை யாரும் குறைக்காமல், அதன்மேல் ஒரு மணி நேரத்தைத் தூக்கி வைத்தால் யாராக இருந்தாலும் பன்னிரண்டு நாள்தான் தாங்கும்.

அந்த 6.1 பற்றியும் சொல்ல வேண்டும். 5.7-லிருந்து 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம். பயப்பட வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், கொஞ்சம் பயம் நல்லதுதான். ஆனால் இந்தக் கட்டத்தில் இருந்த 531 பேரை வைத்துச் சென்னையில் மருத்துவர் ஏ.ராமச்சந்திரன் தலைமையில் ஓர் ஆய்வு நடந்தது, முடிவுகள் 2006-ல் வெளிவந்தன. வழக்கம்போல் இருந்தவர்களில் மூன்று ஆண்டுகளில் 100-க்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. தினமும் அரை மணி நடை, சர்க்கரையையும் எண்ணெயையும் குறைத்தது, நார்ச்சத்தைக் கூட்டியது என்று மாறிக்கொண்டவர்களில் அது 39 பேர். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், மாறிக்கொண்ட அந்தக் கூட்டத்துக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை. அதாவது தராசு முள் அசைவதற்கு முன்பே உடம்புக்குள் நல்லது நடக்க ஆரம்பித்துவிடுகிறது. இரண்டு வாரம் நடந்தும் எடை குறையவில்லையே என்று உட்கார்ந்துவிடத் தோன்றும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு குறைக்க வேண்டும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 78 எங்கே, கல்யாணத்தின்போது இருந்த எடை எங்கே என்று பார்த்தால் மலைப்புதான் வரும். 4 கிலோ. இப்போதைக்கு அவ்வளவுதான். உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே சர்க்கரையிலும் ரத்த அழுத்தத்திலும் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும். அதற்கு நாலு மாதம் ஆனாலும் ஆகட்டும். பவுடரில் ஒரே மாதத்தில் குறைந்த ஐந்து கிலோவில் தண்ணீரும் தசையும் சேர்ந்தே போயிருக்கும், திரும்பி வரும்போது பெரும்பாலும் கொழுப்பாகத்தான் வரும். அந்த வழிக்கு மறுபடி போகாதீர்கள்.

டீயையும் பாருங்கள். ஒரு நாளைக்கு நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 40 கிராம் ஆகிவிடும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு நாள் முழுவதுக்கும் சொல்லும் அளவே 25 கிராம்தான். ஒரேயடியாக நிறுத்தினால் மூன்றாம் நாளே எரிச்சல் வரும், வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறைத்தால் நாக்கு பழகிக்கொள்ளும்.

நடுவில் விட்டுப்போகும், கட்டாயம் விட்டுப்போகும். மாதவிலக்கு வரும், ஊர்த் திருவிழா வரும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். லண்டனில் 96 பேரை வைத்து ஒரு பழக்கம் படிய எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள், பாதிப் பேருக்கு 66 நாளுக்கு மேல் ஆனது, சிலருக்கு 18 நாளிலேயே படிந்தது, சிலருக்கு 200 நாளுக்கு மேல் தேவைப்பட்டது. அதே ஆய்வில், நடுவில் ஒரு நாள் தவறினால் பழக்கம் கெட்டுப்போவதில்லை என்றும் தெரிந்தது. அதனால் புதன்கிழமை விட்டால் வியாழக்கிழமை நடங்கள், அடுத்த ஒண்ணாம் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். அப்புறம், தைராய்டு பார்த்து நாளாகியிருந்தால் ஒருமுறை பார்த்துவிடுங்கள், எச்பிஏ1சியை மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்து உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: மேடம், வயது 34, திருப்பூரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. 92 கிலோ இருந்தேன். சோற்றைக் குறைத்து, தினமும் 45 நிமிஷம் நடந்து முதல் மாதத்திலேயே 87-க்கு வந்துவிட்டேன். அதன் பிறகு ஐந்து வாரமாக அசையவே இல்லை, ஒரு நாள் 86.5, மறுநாள் 87.4. எதற்கு இந்தப் பாடு என்று வெறுத்துவிட்டது.

பதில்: இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் விடுகிறார்கள் தம்பி, நீங்கள் விடாதீர்கள். கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற பெயரில் உடம்பு மாவுச்சத்தைச் சேர்த்து வைத்திருக்கிறது, அதன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருக்கும். சோற்றைக் குறைத்ததும் முதலில் போனது அதுதான். ஆக முதல் மாதத்தில் குறைந்த ஐந்து கிலோ முழுவதும் கொழுப்பாக இருக்காது. இந்த ஐந்து வாரத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்பதும் சரியாக இருக்க வாய்ப்பில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிட்டால் அந்த உப்புக்கே திங்கள் காலையில் அரை கிலோ, ஒரு கிலோ கூடத் தண்ணீர் ஏறிக் காட்டும். தினமும் எடை பார்த்து மனசைக் கெடுத்துக்கொள்ளாமல் வாரம் ஒருமுறை, காலையில், வெறும் வயிற்றில் பாருங்கள்.

அரைஞாண் கயிறு கட்டியிருக்கிறீர்களா? அதைப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு முன் இடுப்பில் பதிந்து சிவப்பாகக் கோடு விழுந்திருக்கும், இப்போது ஒரு விரல் உள்ளே போகிறது என்றால் கொழுப்பு கரைந்துகொண்டுதான் இருக்கிறது என்று அர்த்தம். டேப் வைத்தும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள், நம் ஆண்களுக்கு வயிற்றுச் சுற்றளவு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும்.

கயிறும் தளரவில்லை என்றால் சாப்பாட்டில் எங்கோ ஓட்டை இருக்கிறது. உடம்பு இளைத்தால் அதற்குத் தேவையான அளவும் குறையும், 92 கிலோவுக்குப் போதாமல் இருந்த அதே சாப்பாடு 87 கிலோவுக்குச் சரியாகப் போய்விடும். சோற்றை இன்னும் குறைக்கச் சொல்ல மாட்டேன். மாலை ஆபீசில் டீயோடு வரும் மிக்சர், முறுக்கு, வடை, இதையெல்லாம் ஒரு வாரம் விடாமல் எழுதிப் பாருங்கள். அந்த இடத்தில் ஒரு கிண்ணம் சுண்டலோ அவித்த முட்டையோ வையுங்கள், ராத்திரிவரை பசி அடங்கும். நடையோடு வாரம் மூன்று நாள் தோப்புக்கரணமும் போடுங்கள், பிள்ளையார் முன்னால் போடுகிற அதேதான், நன்றாக உட்கார்ந்து எழுந்து, பத்துப் பத்தாக மூன்று தடவை. முழங்கால் வலி இருந்தால் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால் போதும். தசை இருந்தால்தான் எடை குறைகிறபோது உடம்பு தொய்ந்துபோகாமல் நிற்கும்.

கேள்வி: நான் கல்லூரியில் படிக்கிறேன். என் அம்மாவுக்கு 85 கிலோ. எத்தனையோ முறை சொல்லிவிட்டேன், நடக்க வருவதே இல்லை, எடைப் பேச்சை எடுத்தாலே அழுகிறார். எப்படி ஊக்கப்படுத்துவது?

பதில்: எடைப் பேச்சை முழுவதுமாக நிறுத்திவிடம்மா. அவருக்குத் தெரியாத ஒன்றையா நீ சொல்கிறாய்? ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் யாராவது ஒருவர் அதைச் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். காய் வாங்கப் போகும்போது வண்டியை எடுக்காமல், 'அம்மா, கூட வாயேன், பேசிக்கொண்டே போகலாம்' என்று கூப்பிடு, உன் காலேஜ் கதையைச் சொல்லிக்கொண்டே நட, பத்து நிமிஷம் போதும். அதற்கு முன்னால் அவர் செருப்பை ஒருமுறை எடுத்துத் திருப்பிப் பார். குதிகால் பக்கம் தேய்ந்து தகடாகிக் கிடந்தால் இந்த மாதம் முதலில் அவருக்கு மெத்தென்று ஒரு செருப்பு வாங்கிக் கொடு. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகால் வலிக்கிறதா என்றும் கேள். பல அம்மாக்கள் நடக்க வராததற்குக் காரணம் அந்த வலிதான், வீட்டில் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள்.