டெமோ காரைப் புதுக்கார் என்று விற்றுவிட்டார்கள்: மாற்றித் தரச் சொல்ல முடியுமா?

கேள்வி: "ஷோரூமில் நிறுத்தி வைத்திருந்த புது வண்டி, அதனால் தள்ளுபடி" என்று சொல்லி எனக்கு ஒரு கார் விற்றார்கள். மூன்று மாதம் கழித்து சர்வீஸுக்கு விட்டபோதுதான், நான் வாங்குவதற்கு ஏழு மாதம் முன்பே அதன் வாரண்டி தொடங்கிவிட்டது தெரிந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் ஓட்டிக் காட்டிய டெமோ வண்டி அது. கேட்கப் போனால் விற்பனையாளர் சிரிக்கிறார்; உறவினர்கள் முன்னால் எனக்குத் தலைகுனிவு. இப்போது, "இழப்பீடாக ஒரு தொகை தருகிறோம், இல்லையென்றால் வித்தியாசத்தைக் கட்டிப் புதுக்கார் எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். ஒரு ரூபாயும் கட்டாமல் எனக்குப் புதுக்கார் வேண்டும். தயாரிப்பு நிறுவனத்தையும் சேர்த்து வழக்குப் போடலாமா?

பதில்: சிரித்ததையும் தலைகுனிவையும் விட்டுவிடுங்கள், மனுவில் அவற்றுக்கு ஒரு வரி போதும். வழக்கு நிற்பதும் விழுவதும் ஒரே கேள்வியில்தான்: பணம் கட்டிய நாளில், இது டெமோ வண்டி என்று எழுத்தில் உங்களுக்குச் சொன்னார்களா?

சொல்லவில்லை என்றால் உங்கள் பக்கம் வலுவானது. பழைய பொருளைப் புதியது என்று காட்டி விற்பது, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவின்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. ஆர்.சி.யில் முதல் உரிமையாளர் நீங்கள்தானே என்று வாதாடுவார்கள். அதனால் ஓடிய வண்டி ஓடாததாகிவிடாது. ஆனால் இன்வாய்ஸில் தள்ளுபடிக்கு என்ன பெயர் போட்டிருக்கிறார்கள் என்று இன்றே பாருங்கள். அதைவிட முக்கியம், டெலிவரி அன்று பானெட்டின் மேல் வைத்து அவசரமாகக் கையெழுத்து வாங்கினார்களே, அந்தத் தாள்கள். அவற்றில் ஓரிடத்தில் "டெமோ" என்று இருந்தாலும் மேலே படிக்க வேண்டாம், கொடுப்பதை வாங்கிக்கொள்ளுங்கள்.

தயாரிப்பு நிறுவனத்தை இழுப்பதில் பெரிய பலன் இல்லை. 622 கிலோமீட்டர் ஓடிய 2009 தயாரிப்புக் காரை 2011-இல் புதிதென்று விற்ற வழக்கில், டீலர் செய்ததற்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நிறுவனத்துக்கு விவரம் தெரிந்திருந்தது என்று நீங்கள் நிரூபித்தால்தான் கதை வேறு.

இனி நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். உண்மை தெரிந்த பிறகும் வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கிறீர்களா? என்னிடம் வரும் கட்சிக்காரர்களில் பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். "மாற்றித் தா" என்று நோட்டீஸ் அனுப்பிவிட்டு, அதே காரில் குடும்பத்தோடு சுற்றுலா போவார்கள். அடுத்த சர்வீஸும் அங்கேயே செய்வார்கள். 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 42-ஆவது பிரிவின்படி, வேண்டாம் என்று தெரிவிக்காமல் நியாயமான காலத்துக்கு மேல் பொருளை வைத்துக்கொண்டாலே ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும். ஏற்றுக்கொண்ட பொருளைத் திருப்ப முடியாது. நஷ்ட ஈடு மட்டுமே கேட்கலாம். நுகர்வோர் ஆணையத்துக்கு மாற்றுக் கார் தர உத்தரவிடும் அதிகாரம் உண்டுதான். ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்கப்போவது ஓடோமீட்டர் அளவைத்தான்.

கோபத்தில் வாட்ஸ்அப் அனுப்பாதீர்கள். "டெமோ வண்டிக்கு இவ்வளவுதானா தள்ளுபடி?" என்று ஒரு வரி போதும், உங்களுக்கு முன்பே தெரியும் என்று வாதிட.

ஆகவே நேராகவே சொல்கிறேன்: மூன்று மாதம் ஓட்டிய காருக்கு இலவசமாகப் புதுக்கார் கேட்டு வழக்காட வேண்டாம். சமரசம் பேசுங்கள். பேரத்துக்கு ஓர் அளவுகோல் உங்கள் காப்பீட்டிலேயே இருக்கிறது. வண்டியின் மதிப்பைக் கணக்கிடும்போது ஆறு மாதம் வரை 5 சதவீதமும், அதன்பின் ஓராண்டு வரை 15 சதவீதமும் தேய்மானம் கழிப்பது வழக்கம். நீங்கள் புதிதென்று வாங்கியது ஏழு மாத வண்டி. இந்தப் 10 சதவீத இடைவெளியில் ஏற்கெனவே கிடைத்த தள்ளுபடியைக் கழித்தால் வருவதை ஒட்டி அவர்கள் தொகை இருந்தால் வாங்கிக்கொள்ளலாம். போன ஏழு மாத வாரண்டியையும் கேளுங்கள். அதை டீலரின் லெட்டர்பேடில் எழுதி வாங்கிப் பயனில்லை. உங்கள் சேசிஸ் எண்ணுக்குத் தயாரிப்பு நிறுவனத்தின் பதிவிலேயே நீட்டிப்பு ஏற வேண்டும். அதுவும் பணமும் வந்து சேரும்வரை "முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளில் பேனா வைக்காதீர்கள்.

வித்தியாசம் கட்டி மாற்றும் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. கடனை முடிப்பது, புது சாலை வரி, பதிவு, காப்பீடு எல்லாம் உங்கள் தலையில் விழும். அவர்கள் சொல்லும் "வித்தியாசம்" இவற்றைச் சேர்த்ததா என்று கேட்டுப் பாருங்கள். பழைய வண்டிக்குப் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் வெற்றாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பெயர் மாற்றாமலே யாரிடமாவது ஓட விடுவதும் நடக்கிறது. அது விபத்தில் சிக்கினால், ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் உரிமையாளர் என்பது உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு. நஷ்ட ஈட்டு நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

"மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம்" என்று இழுத்தால் ஒரு மாதத்துக்கு மேல் காத்திருக்காதீர்கள். ஆணையத்தில் புகார் கொடுக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 69-ஆவது பிரிவு தரும் கால வரம்பு இரண்டு ஆண்டுகள். வாங்கிய நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள், அதுதான் பாதுகாப்பு. பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காக அந்தக் கணக்கு நிற்காது.