ரேங்க்கைக் கேட்டே, ரூமைக் கேக்கலையே தம்பி

வியாசர்பாடியில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கான்: "அண்ணா, இல்லினாய்ஸ் யுனிவர்சிட்டி, அர்பானா-ஷாம்பெய்ன்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் மாஸ்டர்ஸ் கிடைச்சிருக்கு. அந்த காலேஜுக்கு நிஜமாவே பேர் இருக்கா? ரேங்க் எத்தனை? குளிர், சாப்பாடு, பார்ட் டைம் வேலை எல்லாம் எப்படி?"

தம்பி, முதல்ல அது "இல்லினாய்". எஸ் எழுதுவாங்க, சொல்ல மாட்டாங்க. 1998 ஆகஸ்ட்ல நான் வந்தப்ப மூணு மாசம் எஸ்ஸோடதான் சொல்லிட்டுத் திரிஞ்சேன். ஒருத்தரும் திருத்தல.

பேர் இருக்கு. கம்ப்யூட்டர் படிப்புன்னா அமெரிக்காவுல மேல இருக்கற அஞ்சாறு இடத்துல அதுவும் ஒண்ணு. ஒரு வருஷம் ஒரு படி ஏறும், ஒரு வருஷம் இறங்கும். படிச்சு முடிச்சு இருபது வருஷம் ஆனவன்கூட அதை வெச்சு சண்டை போடறான். ரேங்க் கதை அவ்வளவுதான், விடு.

உனக்குக் கிடைச்சது எம்.எஸ்.ஸா, எம்.சி.எஸ்.ஸா? லெட்டரை எடுத்து இன்னொரு தடவை படி. ஆராய்ச்சி பண்ணற எம்.எஸ்.னா பொதுவா ப்ரொஃபசர்கிட்ட வேலை, ஃபீஸ் தள்ளுபடி, மாசச் சம்பளம் வரும். ஆராய்ச்சி இல்லாம பாடம் மட்டும் படிக்கற எம்.சி.எஸ். சீக்கிரம் முடியும், ஆனா ஃபீஸ் பெரும்பாலும் மொத்தமா உன் தலையில. "அங்க போய் எதையாவது புடிச்சுக்கலாம்"னு கன்சல்டன்சிக்காரன் சொல்லுவான். அவன் பேச்சைக் கேட்டு வீட்டுப் பத்திரத்தை பேங்குல வெக்காத. செமஸ்டர் நடக்கறப்ப கேம்பஸ்ல வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். அதுல அரிசி பருப்பு வரும், கொஞ்சம் வாடகை வரும், ஃபீஸ் வராது. வெளியில கடையில கள்ளத்தனமா நின்னா விசா போயிடும்.

இப்ப ரூம். நான் பஸ்ல போய் இறங்கினப்ப ராத்திரி பதினொண்ணரை. கூட்டிட்டுப் போறேன்னு சொன்ன சீனியர் வரல. போன் பூத் இருக்கு, ஆனா அது கால் டாலர் காசு கேக்குது. என்கிட்ட டிராவலர்ஸ் செக்கும் ரெண்டு நூறு டாலர் நோட்டும்தான். தரை துடைச்சிட்டிருந்த ஒரு பெரியவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பாக்கெட்ல இருந்து ஒரு காசை எடுத்து போன் மேல வெச்சிட்டு, ஒரு வார்த்தை பேசாம திரும்பவும் துடைக்கப் போயிட்டார். சீனியர் போனை எடுத்து "ஓ, இன்னைக்கா?"ன்னார்.

அவர் பார்த்து வெச்ச வீடு அதைவிட மோசம். கேம்பஸ் பக்கம் வீட்டு லீஸ் ஆகஸ்ட்லதான் மாறும். பழைய லீஸ் முடியற நாளுக்கும் புதுசு தொடங்கற நாளுக்கும் நடுவுல சில நாள் இடைவெளி விழும், அப்ப சாமானோட தெருவுலதான். எனக்கு யாரும் சொல்லல. அட்வான்ஸ் கட்டியாச்சு, சாவி நாலு நாள் கழிச்சு. அக்டோபர்ல பார்த்தா ஹீட்டர் ஓடல. ஆள் அனுப்பறேன் அனுப்பறேன்னு ஓனர் டிசம்பர் வரைக்கும் இழுத்தான். காலி பண்ணப்ப கார்ப்பெட்ல சாம்பார் கறைன்னு பாதி அட்வான்ஸைப் புடிச்சிக்கிட்டான். நான் அந்த வருஷம் பூரா ரசம்தான் வெச்சேன்!

லீஸைப் படிச்சுப் பார்த்துச் சொல்ல யுனிவர்சிட்டியிலயே ஆபீஸ் இருக்கு. அங்க காட்டிட்டுக் கையெழுத்துப் போடு. சாவி வாங்கின அன்னைக்கே மூலை மூலையா போட்டோ எடு. "நம்ம ஆளு"ன்னு எவன் வந்தாலும் ரசீது இல்லாம டாலர் குடுக்காத. என்னை ஏமாத்தினதுல வெள்ளைக்காரன் அந்த ஓனர் ஒருத்தன்தான். மிச்சம் நம்மாளுங்க.

அந்த நாலு நாளும் ராத்திரி சீனியர் வீட்டு சோபாவுக்கும் டிவிக்கும் நடுவுல படுக்கை. பகல்ல பூமிக்கடியில இருந்த லைப்ரரி. பக்கத்துல மாரோ பிளாட்ஸ்னு மக்காச்சோள வயல், 1876ல இருந்து பயிர்ச் சோதனை நடக்கற இடம். கட்டடம் எழும்பினா சோளத்து மேல நிழல் விழும்னு 1969ல லைப்ரரியையே கீழ இறக்கிட்டாங்க. நானும் வியாசர்பாடிக்காரன்தான், மழை வந்தா நம்ம கணேசபுரம் சப்வேல இடுப்பளவு தண்ணியில நடந்து வளர்ந்தவன். பூமிக்கடியில கட்டடம்னதும், மழை வந்தா என்ன பண்ணுவாங்கன்னுதான் முதல்ல தோணுச்சு.

சோளத்துக்கு அந்த மரியாதை சும்மா இல்ல. 1862ல மோரில் சட்டம்னு ஒண்ணு வந்துச்சு. விவசாயமும் மெக்கானிக் தொழிலும் சொல்லித்தர காலேஜ் நடத்த, மாநிலங்களுக்கு நிலம் குடுத்தாங்க. அப்படி 1867ல ஆரம்பிச்சதுதான் இது. அப்ப பேரு "இல்லினாய் இண்டஸ்ட்ரியல் யுனிவர்சிட்டி". படிச்சவங்களுக்கு அந்தப் பேரே ரோதனை. இண்டஸ்ட்ரியல் ஸ்கூல்னா தப்பு பண்ண பசங்களைப் போடற இடம்னு ஜனங்க நினைச்சாங்க. 1885ல அந்த வார்த்தையை எடுத்தே விட்டாங்க.

அதைப் படிச்சப்ப எனக்குச் சிரிப்பு வந்துச்சு. நானும் அதைத்தானே பண்ணிட்டிருந்தேன். சென்னைப் பசங்க கூடினா முதல் கேள்வி "எந்த ஏரியா?". மயிலாப்பூர், அடையாறு, அண்ணா நகர்னு வரும். என் முறையில "பெரம்பூர் பக்கம்". ஒரே ஒரு தடவை வியாசர்பாடின்னேன். "அங்கல்லாம் ராத்திரி வெளிய போக முடியுமா மச்சி?"ன்னான் ஒருத்தன். அதே ஆளு இப்ப சிகாகோ பக்கத்துல நேப்பர்வில்ல நாலு பெட்ரூம் வீட்டுல உக்காந்துக்கிட்டு, "இந்தியன்ஸ் கூடவே ஒட்டிக்கிட்டு இருக்காதீங்க"ன்னு புதுப் பசங்களுக்குப் புத்தி சொல்றான். அவன் வீட்டுப் பார்ட்டிக்குப் போய்ப் பாரு, அடையாறு தவிர வேற ஆள் இருக்காது.

எங்கப்பா பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ்ல ஃபிட்டர். அட்மிஷன் வந்தப்ப ரேங்க் கேக்கல, "அங்க பட்டறை உண்டா?"ன்னார். அதனால போன்ல அவருக்கு இலியாக் கதையைச் சொன்னேன். 1952ல அந்த காலேஜ்லயே கட்டின கம்ப்யூட்டர், பழைய ரேடியோவுல இருக்குமே, அந்த மாதிரி வால்வு 2,800, எடை அஞ்சு டன். அதுக்கு முன்னாடி அதே வரைபடத்துல ராணுவத்துக்கு ஆர்ட்வாக்னு ஒண்ணு கட்டிக் குடுத்திருந்தாங்க. காலிங் கார்டுல நிமிஷம் கரையுது, அப்பா நிதானமா கேக்கறார்: "ஒரு வால்வு போச்சுன்னா எப்படிடா கண்டுபுடிப்பான்?"

தெரியல. அடுத்த வாரம் ஒரு வயசான ப்ரொஃபசர் ரூம் கதவைத் தட்டிக் கேட்டேன். "தவளைப் பாய்ச்சல்"னு ஒரு புரோகிராம் எழுதி வெச்சிருந்தாங்களாம். மெமரியில ஒரு இடத்துல ஓடி மிஷினைச் சோதிச்சிட்டு, தன்னையே நகல் எடுத்து அடுத்த இடத்துக்குத் தாவும். எங்கயாவது தப்பு வந்தா நின்னுடும். அப்பாகிட்ட சொன்னேன். "இதானா? ரயில் சக்கரத்தைச் சுத்தியால தட்டிப் பார்க்கறோமே, அதான்"னார். இங்க அந்தப் ப்ரொஃபசர்கிட்ட அரை மணி நேரம் பேசினதுல, மணிக்கணக்குச் சம்பளத்துக்கு லேப் வேலை கிடைச்சுது. சும்மா வேலை கேட்டுப் போயிருந்தா வாசல்லயே அனுப்பியிருப்பார்.

மீதிப் பெருமையை காலேஜ்காரங்களே சொல்லுவாங்க. பிசிக்ஸ் நோபல் ரெண்டு தடவை வாங்கின ஒரே ஆள் ஜான் பார்டீன் 1951ல இருந்து அங்கதான். சிகாகோல அப்ப சியர்ஸ் டவர்னு பேர் இருந்த 110 மாடிக் கட்டடத்தை நிக்க வெச்ச இன்ஜினியர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான் டாக்காவுல இருந்து வந்து அங்கதான் டாக்டர் பட்டம் வாங்கினார். 1993ல வந்த மொசைக் பிரவுசரும் அங்க பொறந்ததுதான். 2019ல பத்து கோடி டாலர் நன்கொடை வாங்கி இன்ஜினியரிங் காலேஜுக்கே கிரெய்ஞ்சர்னு பேர் வெச்சிட்டாங்க. கம்ப்யூட்டர் பக்கம் 2004ல இருந்து சீபெல் சென்டர்னு புதுக் கட்டடம். நான் இருந்தது பழைய டி.சி.எல். கட்டடம்.

குளிர் பழகிடும். நானே இப்ப காலையில அஞ்சு மணிக்கு என் வாசல் பனியைத் தள்ளிட்டு, பக்கத்து வீட்டுப் போலந்துக்காரருக்கும் சேர்த்துத் தள்ளிட்டுத்தான் காபி குடிக்கறேன். ஆனா வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுல ஜெர்கின் மட்டும் வாங்கிடாத, அது ஊட்டிக்குத்தான் லாயக்கு. சாப்பாட்டுக்கு எல்லாம் கிடைக்குது, பயப்படாத. தேதி எழுது, ஏர்போர்ட்டுக்கு நானே வரேன். வரப்ப அஞ்சு லிட்டர் குக்கருக்கு கேஸ்கட் ரெண்டு எடுத்துட்டு வா. இங்கயும் விக்கறான், ஆனா அவன் சொல்ற விலையைக் கேட்டா இன்னைக்கும் எனக்கு வயிறு எரியுது.