பழைய ஈயம் உருக்குபவரின் இரத்தப் பரிசோதனை

கேள்வி: எனக்கு 41 வயது. உரிய உரிமத்துடன் இலக்குச் சுடும் போட்டிகளில் கலந்துகொள்கிறேன். மூன்று ஆண்டுகளாகப் பழைய ஈயத்தைச் சேகரித்து, வீட்டை ஒட்டிய கொட்டகையில் உருக்கி, எனக்கு வேண்டிய குண்டுகளை நானே வார்த்துக்கொள்கிறேன். கார்ச் சக்கரங்களில் மாட்டும் எடைக்கட்டிகள், கூரைத் தகடு, பழைய அச்சகத்து எழுத்துகள் ஆகியவற்றையே இதுவரை பயன்படுத்தினேன். இப்போது நண்பர் ஒருவர் பழைய பேட்டரித் தகடுகளைத் தருவதாகச் சொல்கிறார். இரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 19 மைக்ரோகிராம் இருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்தது. ஆனால் 40 வரை இயல்பு என்று அறிக்கையில் அச்சிட்டிருக்கிறது. எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. இரண்டு வயதில் மகன் இருக்கிறான். மனைவி மீண்டும் கருவுற்றிருக்கிறார். எந்த வகை ஈயம் பாதுகாப்பானது? புகை படாமல் இருக்க முகமூடி போதுமா? உடலில் உள்ள ஈயத்தை வெளியேற்ற மருந்து எடுக்க வேண்டுமா?

பதில்: அறிக்கையில் உள்ள அந்த 40 உங்களைத் தவறான வழியில் ஆறுதல்படுத்துகிறது. அது தொழிற்சாலை விதிகளின் காலத்து எண். ஈயத்தால் பாதிக்கப்பட்டுப் பணியிலிருந்து விலக்கப்பட்ட தொழிலாளி மீண்டும் வேலைக்குத் திரும்ப, அமெரிக்கா 1978-இல் வைத்த எல்லை அது. ஆரோக்கியமான உடலில் இருக்க வேண்டிய அளவு அல்ல. உடலில் ஈயத்துக்கு எந்த வேலையும் கிடையாது. இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவும் கண்டறியப்படவில்லை. 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடித் தடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். உங்களுடைய 19 அவசரச் சிகிச்சைக்கு உரிய அளவு அல்ல. ஆனாலும் இரத்த அழுத்தம், சிறுநீரகம், விந்தணு ஆகியவற்றின் மீதான பாதிப்பு வயிற்று வலியோ மலச்சிக்கலோ சோர்வோ தோன்றுவதற்கு வெகு முன்பே, சத்தமில்லாமல் தொடங்கிவிடக்கூடும். ஆகவே தொந்தரவு இல்லை என்பதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது.

உங்கள் கேள்வியில் புகையைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். ஈயம் உருக்குபவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் கவலைப்படுகிறார்கள். ஈயம் உருகுவது 327 டிகிரி செல்சியஸில். கொதிப்பது 1749 டிகிரியில். குண்டு வார்ப்பவர்கள் வழக்கமாகப் பிடிக்கும் 350 முதல் 400 டிகிரி வரையிலான சூட்டில் ஆவியாகும் ஈயம் மிகச் சொற்பம். கண்ணுக்குத் தெரியும் புகை பெரும்பாலும் ஈயத்தில் ஒட்டியிருந்த எண்ணெய், வண்ணப்பூச்சு, தார் ஆகியவை எரிவதால் வருவது. அதையும் சுவாசிக்கக் கூடாது என்பது வேறு விஷயம். உங்கள் இரத்தத்துக்குள் ஈயத்தைக் கொண்டுபோயிருக்கக்கூடிய முக்கியமான பொருள், உருகிய ஈயத்தின் மேல் ஏடு போலப் படிந்து, நீங்கள் கரண்டியால் வழித்துக் கொட்டும் சாம்பல் நிறக் கசடுதான். அது ஈய ஆக்சைடு கலந்த நுண்பொடி. கிளறும்போதும் கொட்டும்போதும் பறக்கிறது. கையிலும் சட்டையிலும் தரையிலும் படிகிறது. பிறகு உணவு, தண்ணீர்க் குவளை, சிகரெட் வழியாக வாய்க்குப் போகிறது. விழுங்கிய ஈயத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கைப் பெரியவர்களின் குடல் உறிஞ்சுகிறது, வெறும் வயிற்றில் அதைவிட மிக அதிகமாக. சிறு குழந்தையின் குடல் பாதியளவு வரை உறிஞ்சிவிடும்.

எந்த ஈயம் பாதுகாப்பானது என்ற கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. தமிழில் ‘ஈயம்’ என்ற ஒரே சொல்லால் காரீயத்தையும் (lead) வெள்ளீயத்தையும் (tin) குறிக்கும் பழக்கம் இருப்பதால், ‘ஈயம்’ என்று சொல்லித் தரப்படும் பொருள் எது என்பதிலேயே முதல் குழப்பம் தொடங்குகிறது. நாம் பேசுவது காரீயத்தைப் பற்றி. கூரைத் தகடு அநேகமாகத் தூய காரீயம், அதனால் மென்மையானது. கொக்கி வைத்த சக்கர எடைக்கட்டிகளில் ஈயத்தைக் கடினமாக்கும் ஆன்டிமனி என்ற தனிமம் சில விழுக்காடும் ஆர்சனிக் சிறிதளவும் இருக்கும். லைனோடைப் இயந்திரத்துக்கான அச்சு உலோகத்தில் ஏறக்குறைய 12 விழுக்காடு ஆன்டிமனியும் 4 விழுக்காடு வெள்ளீயமும் உண்டு. அதனால்தான் அது கடினமாக இருக்கிறது. குண்டின் கடினத்தைக் கணக்கிடும் உங்களுக்கு இந்த வேறுபாடுகள் முக்கியம். மருத்துவராகிய எனக்கு இவை எல்லாமே ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் காரீயம்தான். மென்மையானது நல்லது, கடினமானது கெட்டது என்று பிரிக்க எனக்கு வழியில்லை.

கலவையை இனம் காணச் செய்யும் சோதனைகளே ஈயம் உடலுக்குள் போகும் வழியாவதை நான் கண்டிருக்கிறேன். நகத்தால் கீறிப் பார்த்துக் கீறல் விழுந்தால் தூய ஈயம் என்பார்கள். சோதனை சரிதான், ஆனால் கீறிய ஈயம் நகக்கண்ணில் தங்கிவிடுகிறது. பல்லால் கடித்துப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். நகத்துக்குப் பதிலாகக் கடினம் தெரிந்த பென்சில் முனையால், கையுறை அணிந்து கீறுங்கள். தரையில் போட்டு ஓசையைக் கேட்பதில் தவறில்லை: தூய ஈயம் மந்தமாக விழும், ஆன்டிமனி கலந்தது சற்றுக் கணீரென்று ஒலிக்கும். எடைக்கட்டிகளில் இரும்பைக் காந்தம் காட்டிக்கொடுக்கும். துத்தநாக எடைக்கட்டிகளைக் காந்தம் பிடிக்காது. அவை உருகுவது 420 டிகிரியில் என்பதால், சூட்டை அதற்குக் கீழே வைத்தால் உருகாமல் மேலே மிதக்கும், எடுத்துவிடலாம். சூட்டைக் குறைவாக வைப்பது உங்கள் நுரையீரலுக்கும் நல்லது. காட்மியம் என்ற நச்சு உலோகம் கலந்திருந்தால் மட்டும் இந்த எளிய சோதனைகள் எதுவும் காட்டாது. அதன் புகை ஈயத்தின் புகையைவிட மிக விரைவாக நுரையீரலைத் தாக்கக்கூடியது. ஆகவே எங்கிருந்து வந்தது என்று தெரியாத உலோகத்தை உருக்காதீர்கள்.

பேட்டரித் தகடுகளுக்கு என் பதில் ‘வேண்டாம்’ என்பதே. அவற்றில் உள்ள பசை பெரும்பாலும் ஈய சல்ஃபேட்டும் ஈய ஆக்சைடும்; தொட்டாலே உதிர்ந்து தூசியாகும். கந்தக அமிலமும் ஊறியிருக்கும். தகட்டுச் சட்டங்களில் கால்சியம், ஆன்டிமனி, ஆர்சனிக் ஆகியவை சேர்க்கப்படுவதுண்டு. இவை கலந்து உருகிய கசடு பின்னர் ஈரம் பட்டால் ஆர்சின், ஸ்டிபின் என்ற வாயுக்கள் உண்டாகலாம். ஆர்சின் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துச் சில மணி நேரத்திலேயே சிறுநீரைக் கருஞ்சிவப்பாக்கி, சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்துவிடும். இது ஆண்டுக்கணக்கில் சேரும் தீங்கு அல்ல, அன்றைக்கே உயிருக்கு ஆபத்து. நண்பரிடம் அவற்றைப் பேட்டரி மறுசுழற்சி செய்யும் இடத்தில் ஒப்படைக்கச் சொல்லுங்கள்.

இனி, நீங்கள் ஒரு வரியில் சொல்லிக் கடந்த விஷயத்துக்கு வருகிறேன். மகனுக்கும் மனைவிக்கும் இந்த வாரமே இரத்தத்தில் ஈய அளவைப் பாருங்கள். விரல் நுனியில் குத்தி எடுத்தால் தோலில் உள்ள தூசியே அளவைக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதால் சிரையிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். ஈயம் நஞ்சுக்கொடியைத் தடையின்றிக் கடந்து கருவை அடைகிறது. இரண்டு வயதுக் குழந்தையோ தரையில் தவழ்ந்து எழுந்த கையை வாயில் வைக்கும். கொட்டகைக்கென்று தனி உடையும் தனிக் காலணியும் வைத்துக்கொள்ளுங்கள். அவை வீட்டுக்குள் வரக் கூடாது, மற்றத் துணிகளோடு துவைக்கவும் கூடாது. துடைப்பத்தால் பெருக்குவதையும் சாதாரண வாக்குவம் கிளீனரையும் இன்றோடு நிறுத்துங்கள். இரண்டும் தூசியைக் காற்றில் ஏற்றும். சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியை மூடிய பையில் போடுங்கள். கசடை மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். மகனைத் தூக்கும் முன் குளித்துவிடுங்கள்.

முகமூடி தேவைதான், நுண்துகளை வடிக்கும் வடிகட்டி பொருத்தி, முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்துவதாக இருக்க வேண்டும். துணி முகமூடி பயன்படாது. ஆனால் முகமூடி அணிந்து உருக்கிவிட்டு, கழுவாத கையால் தேநீர் குடித்தால் அதனால் என்ன பயன்? இன்னொன்றும் கேட்க வேண்டும்: நீங்கள் சுடப் பழகும் இடம் மூடிய அரங்கமா? தோட்டாவைப் பற்றவைக்கும் பொடியில் ஈயச் சேர்மம் இருப்பது வழக்கம். ஒவ்வொரு முறை சுடும்போதும் அது நுண்தூசியாக முகத்துக்கு அருகில் வெளிப்படுகிறது. காற்றோட்டம் குறைந்த அரங்கில் பழகுபவர்களுக்கு, வார்ப்பதைவிட அதுவே பெரிய காரணமாக இருப்பதுண்டு.

ஈயத்தை வெளியேற்றும் மருந்து உங்களுக்கு இப்போது தேவையில்லை. குழந்தைகளுக்கே பொதுவாக 45 மைக்ரோகிராமை எட்டினால்தான் அந்தச் சிகிச்சையைத் தொடங்குகிறோம். பெரியவர்களுக்கு அதைவிட உயர்ந்த அளவில், அறிகுறிகளையும் பார்த்து. அம்மருந்துகள் உடலுக்கு வேண்டிய தாதுக்களையும் சேர்த்து வெளியேற்றும். ஈயத்தோடு தொடர்பு நீடிக்கும்போது அவற்றை எடுப்பது ஓட்டையை அடைக்காமல் தண்ணீரை இறைப்பதற்குச் சமம். பால் குடித்தால் ஈயம் முறிந்துவிடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். முறியாது. கால்சியமும் இரும்புச் சத்தும் குறைவாக இருந்தால் குடல் ஈயத்தை அதிகமாக உறிஞ்சும் என்பது மட்டுமே அதில் உள்ள உண்மை. ஆகவே அந்தக் குறைபாடுகள் உங்களுக்கு உண்டா என்று பார்த்துச் சரிசெய்யலாம்.

மூன்று மாதங்களுக்கு வார்ப்பதை நிறுத்துங்கள். மூடிய அரங்கில் சுடுவதையும் தவிருங்கள். இரத்தத்தில் உள்ள ஈயம் ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகும். ஆனால் பெரியவர்களின் உடலில் சேர்ந்த ஈயத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எலும்பில் தங்கி, ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக இரத்தத்துக்குத் திரும்பிக்கொண்டிருப்பதால், உங்கள் எண் இந்தக் கணக்கைவிட மெதுவாகவே இறங்கும். இரண்டு மாதம் கழித்து அதே பரிசோதனைக் கூடத்தில் மீண்டும் அளந்து, அதோடு இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சிறுநீரகத்தின் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் ஆகியவற்றையும் பார்த்து எனக்கு எழுதுங்கள். அளவு இறங்காவிட்டால் வேறோர் ஊற்று இருக்கிறது என்று பொருள். அப்போது வீட்டுத் தரையின் தூசியையும் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியிருக்கும். மகனுடைய அளவு 3.5-ஐத் தாண்டியிருந்தால் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டாம், அவனைக் குழந்தை மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.