மலிவு ப்ளீச்சிங் பவுடர் மலிவுதானா?

கேள்வி: 10 சென்ட் குளம், ஒரு மீட்டர் தண்ணீர். மீன்குஞ்சு விடுமுன் 25 கிலோ ப்ளீச்சிங் பவுடர் போட்டேன். திறந்த மூட்டை, பாதி விலை. வாடையே வரவில்லை. மூன்றாம் வாரம் மீன்களுக்குப் புண். அளவு குறைவா? – திருவட்டாறு

பதில்: அளவு சரி, சரக்குதான் சரியில்லை. 10 சென்ட் என்றால் 405 சதுர மீட்டர். ஒரு மீட்டர் ஆழத்துக்கு 4,05,000 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 60 கிராம் வீதம் 24 கிலோ சொச்சம் வரும். இந்தக் கணக்கு 30 சதவீதத்துக்குக் குறையாத குளோரின் உள்ள புதுப் பவுடருக்கு. ஈரமும் சூடும் பட்டால் குளோரின் பறந்துவிடும். இரண்டு பருவமழையும் கொட்டும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் வாய் திறந்து கிடக்கும் மூட்டையைப் பார்த்தாலே எனக்கு ஆத்திரம் வரும். நானும் ஒருமுறை அப்படி வாங்கி ஏமாந்தேன். 15 சதவீதமாக இறங்கிய பவுடரென்றால் இரண்டு மூட்டை போட வேண்டும். பாதி விலையில் மிச்சம் என்ன?

உள்ளே பாலித்தீன் உறையுள்ள மூடிய மூட்டையாக, தயாரித்த மாதமும் குளோரின் சதவீதமும் பார்த்து வாங்குங்கள். கட்டி கட்டியாக, பிசுபிசுப்பாக இருந்தால் தொடாதீர்கள். வெயில் குளோரினைத் தின்றுவிடும், அதனால் அந்தி சாய்ந்தபின் போடுங்கள். கூடவே சுண்ணாம்பு போட வேண்டாம், தண்ணீரின் காரத்தன்மை (பி.எச்.) ஏறினால் குளோரின் மந்தமாகிவிடும். அரை மணி கழித்துக் குளத்துத் தண்ணீரைக் கொஞ்சம் எடுத்து, குடிநீரில் குளோரின் பார்க்கும் சொட்டு மருந்தை அதில் விடுங்கள். மஞ்சள் நிறம் வராவிட்டால் பவுடர் செத்த சரக்கு. குஞ்சு விடும் நாளிலோ மஞ்சள் துளியும் வரக்கூடாது.

புண்ணுக்குப் பவுடரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. குஞ்சோடும் கால்வாய்த் தண்ணீரோடும் நோய் வரும்.

கேள்வி: மீன் தொட்டிக்குப் பொருத்திய யு.வி. (புற ஊதா) விளக்கு இரண்டு வருடமாக எரிகிறது, நோய் தீரவில்லை. – மார்த்தாண்டம்

பதில்: வெளிச்சம் இருக்கும், கிருமி கொல்லும் கதிர் சுமார் 9,000 மணி நேரத்தில் தேய்ந்துவிடும். பல்பை மட்டும் மாற்றி, குவார்ட்ஸ் குழாயில் படிந்த பாசியைத் துடையுங்கள்.

கேள்வி: பெர்மாங்கனேட்டைக் கைநிறைய அள்ளிப் போட்டேன், மீன் செத்தது. கடைக்காரரிடம் நஷ்டஈடு கேட்கலாமா? – குலசேகரம்

பதில்: கூடாது. ஆயிரம் லிட்டருக்கு 2 கிராம்; அளந்து போட வேண்டியது நீங்கள்.

கேள்வி: என் 10 சென்ட் குளத்துப் புண்நோய்க்கு 5 லிட்டர் சிஃபாக்ஸ் மருந்து வேண்டும் என்று கடைக்காரர் தலையில் கட்டிவிட்டார். – தேரூர்

பதில்: உங்களை ஏமாற்றிவிட்டார்கள் ஐயா. ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு ஹெக்டேருக்கே ஒரு லிட்டர்தான். உங்கள் குளத்துக்கு 40 மில்லி போதும். திறக்காத பாட்டில்களோடும் பில்லோடும் போய்ப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். அதற்கும் மசியாவிட்டால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது: வாங்கிய பொருளின் மதிப்பு 5 லட்சம் வரை கட்டணமில்லை, இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். பிழைப்புக்காகச் சொந்தமாக மீன் வளர்ப்பவரும் நுகர்வோர்தான் என்பதை மனுவில் மறக்காமல் எழுதுங்கள்.