துப்பாக்கி, மனநலம், காவல்துறை – கடிதம்

அன்புள்ள ஐயா,

பல ஆண்டுகளாக ஃப்ளோரிடாவில் வசிக்கிறேன். பார்க்லாண்ட் பள்ளிப் படுகொலை பற்றிய கட்டுரையில், ஆபத்தானவர் என்று நீதிமன்றம் கருதும் ஒருவரிடமிருந்து துப்பாக்கிகளைத் தற்காலிகமாக வாங்கிவைக்கும் ‘ரெட் ஃப்ளாக்’ சட்டத்தை ஆதரித்திருந்தீர்கள். என் அலுவலக நண்பர் ஒருவர் முன்னாள் ராணுவ வீரர், வேட்டைக்குச் செல்பவர், மிகவும் அமைதியானவர். அவரிடம் இதைச் சொன்னபோது, “வாசலில் வந்து நிற்கும் போலீஸ்காரர் எனக்கு மனநிலை சரியில்லை என்று சொன்னால் போதும், என் உரிமை போய்விடும். அதே போலீசுக்கு என்னைக் காப்பாற்றும் கடமைகூடக் கிடையாது” என்றார். எனக்கு இது வீண் அச்சமாகவே படுகிறது. மனநோயாளிகளிடம் துப்பாக்கி இருக்கக்கூடாது என்பதில் விவாதிக்க என்ன இருக்கிறது? அவருக்கு நான் என்ன பதில் சொல்வது?

ஒரு வாசகர்,
டாம்பா

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பரின் அச்சத்தை வீண் என்று தள்ளிவிடாதீர்கள். அவர் சொன்ன இரண்டுக்கும் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஏடுகளிலேயே சான்று இருக்கிறது.

2015 ஆகஸ்டில் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் கிரான்ஸ்டன் நகரில், 68 வயதான ஒருவர் மனைவியுடன் நடந்த சண்டையின் நடுவே, தோட்டா இல்லாத தன் கைத்துப்பாக்கியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, என்னைச் சுட்டு என் துன்பத்தை முடித்துவிடு என்றார். மனைவி அன்றிரவு வெளியே ஒரு விடுதியில் தங்கினார். மறுநாள் காலை கணவர் தொலைபேசியை எடுக்காததால் கவலையடைந்து காவல்துறையை அழைத்தார். வந்த காவலர்கள், அவர் தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்துகொள்ளக்கூடும் என்று கருதி, மனநலப் பரிசோதனைக்காக மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்கள். துப்பாக்கிகளைத் தொடமாட்டோம் என்று அவர்கள் வாக்களித்த பிறகே ஆம்புலன்சில் ஏறியதாக அவர் பின்னர் தன் வழக்கில் கூறினார். அவர் போனதும் வாரண்ட் எதுவும் இல்லாமல் வீட்டுக்குள் சென்று துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டார்கள். மருத்துவமனை அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை, அன்றே அனுப்பிவிட்டது. துப்பாக்கிகள் திரும்பிவர மாதங்களாயின.

இந்த வழக்கில் 2021 மே 17 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகக் காவல்துறைக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். விபத்துக்குள்ளான ஒரு காரைச் சோதனையிட அனுமதித்த 1973ஆம் ஆண்டுத் தீர்ப்பைச் சாக்காகக் காட்டி, நலம் விசாரிக்க வந்தோம் என்று சொல்லிக் காவலர்கள் வீட்டுக்குள் நுழைய முடியாது என்றார்கள். பெரும்பாலும் ஒத்துப்போகாத துப்பாக்கி உரிமை அமைப்புகளும் அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கமும் இந்த வழக்கில் ஒரே பக்கம் நின்றன என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

உங்கள் நண்பர் சொன்ன இரண்டாவது செய்தி இன்னும் கசப்பானது. 1999இல் கொலராடோவின் காசில் ராக் என்ற ஊரில் ஒரு தாய், கணவர் தங்களை அண்டக்கூடாது என்று நீதிமன்ற ஆணை பெற்றிருந்தார். கணவர் மூன்று மகள்களையும் கொண்டுபோய்விட்டார் என்று அந்தத் தாய் காவல்துறையைத் திரும்பத் திரும்ப அழைத்தார், நேரில் போயும் கெஞ்சினார். எதுவும் நடக்கவில்லை. விடிவதற்குமுன் அந்தக் கணவர் காவல் நிலையத்துக்கே வந்து சுட்டு, காவலர்களின் குண்டுக்குப் பலியானார். அவருடைய வண்டியில் குழந்தைகள் பிணமாகக் கிடந்தார்கள். அந்த ஆணையை நிறைவேற்றும்படி காவல்துறையைக் கேட்கும் உரிமையை அரசியல் சாசனம் அந்தத் தாய்க்குத் தரவில்லை என்று 2005இல் உச்ச நீதிமன்றம் கூறியது. டெக்சாஸ் மாநிலத்தின் உவால்டே பள்ளியில் 2022 மே 24 அன்று 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் கொல்லப்பட்டபோது, ஏறத்தாழ 370 காவலர்கள் திரண்டிருந்தும் 77 நிமிடங்கள் அந்த வகுப்பறைக்குள் எவரும் நுழையவில்லை.

காவல்துறை மீதான இந்த அவநம்பிக்கை வலதுசாரிகளுக்கு மட்டும் உரியதும் அல்ல. 1956இல் தன் வீட்டில் குண்டு வீசப்பட்ட பிறகு மார்ட்டின் லூதர் கிங் அலபாமாவில் துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பித்தார், மறுக்கப்பட்டது. 2016இல் மினசோட்டாவில், உரிமம் பெற்ற துப்பாக்கி தன்னிடம் இருப்பதாகத் தானே முன்வந்து சொன்ன கறுப்பின இளைஞரைக் காவலர் அவருடைய காரிலேயே சுட்டுக் கொன்றார். அந்தக் காவலர் மறு ஆண்டு விடுதலை செய்யப்பட்டார்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மனநோயாளிகளிடம் துப்பாக்கி இருக்கக்கூடாது என்று நீங்கள் எழுதியதை நான் ஏற்கவில்லை. 1968ஆம் ஆண்டின் கூட்டரசுத் துப்பாக்கிச் சட்டமே நோயை அளவுகோலாக வைக்கவில்லை. மனநிலையால் ஆபத்தானவர் அல்லது திறனற்றவர் என்று நீதிமன்றம் போன்ற ஓர் அமைப்பு முறைப்படி முடிவு செய்தவர்களையும், கட்டாயமாக மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களையும் மட்டுமே மனநலக் காரணத்துக்காக அது தடுக்கிறது. அமெரிக்காவில் பிறர்மீது நிகழும் வன்முறையில் மனநோயால் விளைவது சுமார் 4 விழுக்காடுதான் என்று டியூக் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஸ்வான்சன் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார். அதிகாரம் கையில் உள்ளவர்கள் மனநோய் என்ற பட்டத்தைப் பயன்படுத்திய வரலாறும் நல்லதல்ல. தப்பியோடும் அடிமைகளுக்கு ஒரு மனநோய் இருப்பதாக 1851இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர் பெயர் சூட்டியே எழுதினார். மருத்துவரிடம் போனால் துப்பாக்கி பறிபோகும் என்ற எண்ணம் பரவினால் உங்கள் நண்பரைப் போன்ற முன்னாள் வீரர்கள்தான் முதலில் மருத்துவரைத் தவிர்ப்பார்கள். உதவி மிகத் தேவைப்படுபவர்களும் அவர்களே.

ஆனால் கிரான்ஸ்டன் வீட்டின் மேசைக்கு நான் மறுபடி போகவேண்டியிருக்கிறது. காவலர்கள் செய்தது தவறு, அந்த மனைவியின் பயம் தவறல்ல. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த 48,000க்கும் மேற்பட்டவர்களில் 26,000க்கும் மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். துப்பாக்கியால் தற்கொலைக்கு முயன்றவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பதில்லை. வேறு வழிகளில் முயன்றவர்களில் மிகப் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள், அவர்களில் பெரும்பாலோர் மறுபடி அப்படிச் சாவதுமில்லை. அந்தச் சில நாட்களில் துப்பாக்கி கைக்கெட்டாமல் இருந்தால் ஓர் உயிர் மிஞ்சும். கனெக்டிகட் மாநிலத்தில் 1999 முதல் நடைமுறையில் உள்ள இத்தகைய சட்டத்தை ஆராய்ந்த ஸ்வான்சனின் குழு, பத்து முதல் இருபது முறை துப்பாக்கிகளை வாங்கிவைத்ததற்கு ஒரு தற்கொலை தவிர்க்கப்பட்டதாகக் கணக்கிட்டது.

சட்டம் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இண்டியானாபொலிஸ் சாட்சி. 2004 தொடக்கத்தில் அங்கே மனச்சிதைவு நோயுள்ள ஒருவரிடமிருந்து காவலர்கள் துப்பாக்கிகளை எடுத்துவந்தார்கள். அவற்றை வைத்துக்கொள்ளச் சட்டம் இடம்தராததால் சில வாரங்களில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆகஸ்டில் அவர் தன் தாயைக் கொன்று, தெருவுக்கு வந்து ஜேக் லேர்ட் என்ற காவலரையும் சுட்டுக்கொன்றார். மறு ஆண்டு இண்டியானா இயற்றிய சட்டம் லேர்டின் பெயரால் வழங்குகிறது. கிரான்ஸ்டனிலும் இண்டியானாபொலிசிலும் காவலர்கள் செய்தது ஒரே காரியம், இரண்டு இடத்திலும் நீதிபதி என்ற ஒருவர் இல்லை. ஓரிடத்தில் ஒரு குடிமகனின் வீடு மீறப்பட்டது, மற்றோரிடத்தில் இருவர் மாண்டார்கள். காவலர் சொல்லை நம்பாதவர்தான் காவலர் சொல்லுக்குமேல் ஒரு நீதிபதி வேண்டும் என்று முதலில் கேட்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பார்க்லாண்டில் 17 பேர் கொல்லப்பட்ட மறு மாதமே, 2018 மார்ச்சில், உங்கள் மாநிலம் இயற்றிய சட்டம் அப்படித்தான் அமைந்திருக்கிறது. நோய் இருக்கிறது என்ற சொல் மட்டும் அங்கே போதாது. அண்மையில் அவர் செய்த வன்முறை, விடுத்த மிரட்டல், மீறிய ஆணைகள் ஆகியவற்றோடு நோயையும் ஒன்றாக வைத்தே நீதிபதி பார்க்கிறார். தற்காலிக ஆணை மறுதரப்பைக் கேட்காமல் பிறப்பிக்கப்பட்டாலும் 14 நாட்களுக்குள் விசாரணை நடக்கவேண்டும். தெளிவான, வலுவான சான்று காட்டவேண்டியவர் மனு போட்டவர். இறுதி ஆணையின் காலம் அதிகபட்சம் ஓராண்டு, பிறகு நீட்டிக்க மறுபடி நிரூபிக்கவேண்டும்.

ஆணை கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். மேரிலாண்டில் இத்தகைய சட்டம் நடைமுறைக்கு வந்த மறு மாதம், 2018 நவம்பர் 5 அன்று, அதிகாலை ஐந்து மணி தாண்டியதும் ஒரு வீட்டுக் கதவைத் தட்டி ஆணையைக் கொடுக்கப் போனார்கள். கையில் துப்பாக்கியோடு கதவைத் திறந்த 61 வயதானவர், தொடர்ந்த கைகலப்பில் காவலரின் குண்டுக்கு இரையானார். மனமுடைந்திருக்கக்கூடும் என்று கருதப்படும் ஒருவரை அந்த நேரத்தில் எழுப்பவேண்டிய தேவை என்ன என்று எனக்குப் புரியவில்லை. பகலில், குடும்பத்தில் ஒருவரையோ மனநலப் பணியாளரையோ உடன் வைத்துக்கொண்டு போயிருக்கலாம்.

ஆகவே உங்கள் நண்பரிடம் சட்டத்தை எதிர்க்காதீர்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள், அதில் உள்ள ஒரு குறையையும் காட்டுங்கள். ஃப்ளோரிடாவில் இந்த மனுவைக் காவல்துறை மட்டுமே போடமுடியும். கணவரைப் பற்றி அஞ்சும் ஒரு மனைவி நேரே நீதிமன்றத்துக்குப் போகமுடியாது, காவல் நிலையத்தின் வழியாகத்தான் போகவேண்டும். அவர்கள் அசட்டையாக இருந்தால் அவருக்கு வேறு கதவில்லை. கொலராடோவின் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் குடும்பத்தினரே மனு போடலாம், துப்பாக்கியை இழக்கவிருப்பவருக்கு அரசு செலவில் வழக்கறிஞரும் உண்டு. இந்த இரண்டையும் ஃப்ளோரிடாவிலும் கொண்டுவரும்படி தன் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினருக்கு எழுத அவர் முன்வருவாரா என்று கேட்டுப்பாருங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்